மீன் தண்ணீர் குடித்த யூக்கா

பாரிஸ் மெத்ரோ ரயிலில் நான் ஏறியதும் எல்லோரும் விலகி இடம் விட்டார்கள். என் கைகளில் மூன்று யூக்காக் கன்றுகள் இருந்தன.

வாள் போன்ற இலைகள். ஒவ்வோர் இலையின் நுனியிலும் சின்னதாக ஒரு முள். இலையோரங்களில் வெள்ளை நூல்கள் சுருண்டு தொங்கின, பழைய சேலையின் கரை பிரிந்ததைப் போல. எதிரே இருந்த பெரியவர் தன் பத்திரிகையை மடித்து முழங்காலுக்குக் கவசமாக வைத்துக்கொண்டார். நான் "பர்தோன், பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே லா சப்பல் நிலையம்வரை நின்றபடி வந்தேன்.

படிகளில் இறங்கினால் சோளம் சுடும் புகை. தெருவைக் கடந்து எங்கள் தமிழ்க் கடைத்தெருவான ரூ காய்க்குள் நுழைந்தால் சாம்பிராணியும் வடை எண்ணெயும். மழை பெய்து ஓய்ந்த ஒரு ஐப்பசி மாலை அது. காய்கறிக் கடை அண்ணை வாசலில் நின்று வெண்டிக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, உதென்ன, தாழையே?"

"இல்லை அண்ணை, யூக்கா."

"கத்தாழைச் சாதி போல. ஒண்டைத் தாவன், வாசல்லை தலைகீழாக் கட்டிவிடுவம். கடைக்குக் கண்ணூறு படாது."

"இது கட்டுற சாமான் இல்லை அண்ணை. மண்ணிலை நடுறது."

"எந்த மண்ணிலை? எங்கடை கறிவேப்பிலை கடைக்குள்ளை நிண்டே மாரியிலை கருகுது. உது வெளியிலை நிக்குமே?"

"நிக்கும். ஸ்நோ கொட்டினாலும் நிக்கும்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

அண்ணை சிரித்தார். "சரி, தோட்டக்காரி சொன்னால் நிக்கத்தான் வேணும்."

தோட்டக்காரி

அந்தப் பட்டத்தை எனக்குத் தந்தது ரூ காய்தான். இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா எழுத்துப் பழகுமுன் வள்ளம் தள்ளப் பழகியவர். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். போர் முடிந்த அடுத்த வருடம் அம்மாவும் நானும் அப்பாவிடம் பாரிசுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது.

வந்த கொஞ்சக் காலத்திலேயே வீட்டின் வாய் நானாகிவிட்டேன். வைத்தியரிடம் அம்மாவின் முதுகுவலியைச் சொன்னது நான். வதிவிட அட்டைக்கான வரிசையில் அப்பாவுக்காகப் பேசியது நான். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் என்னைப் பற்றி ஆசிரியை சொல்வதை நானே தமிழில் சொல்ல வேண்டும்.

"பிள்ளை நல்லாப் படிக்கிறாளாம் அப்பா. விஞ்ஞானத்திலை முதலாவதாம்."

அப்பா ஆசிரியையின் முகத்தைப் பார்ப்பார். பிறகு என் முகத்தைப் பார்ப்பார். "அவ சொன்னதைத்தானே சொல்லுறாய்? கூட்டிச் சொல்லேல்லையே?"

கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் முதுகு நிமிர்கிறது.

அப்படிப்பட்ட பிள்ளை கணக்குப் படிப்பாள், மருத்துவம் படிப்பாள் என்று சொந்தக்காரர் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் தோட்ட அமைப்புப் படிக்கப் போனேன். மண், வடிகால், வேர், குளிர் தாங்கும் செடிகள், பூங்கா வரைபடம். புறநகர் சார்செலில் இருந்து பெரியம்மா தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஏனடி, பிரான்சுக்குக் கொண்டுவந்து படிப்பிச்சது மண்வெட்டி பிடிக்கவோ?"

அம்மா பருப்புச் சட்டியைக் கிளறியபடி பதில் சொன்னார். "மண்வெட்டி பிடிக்க நான் ஒருத்தி காணும் அக்கா. எங்கை வெட்டுறதெண்டு சொல்லத்தான் இவள் படிக்கிறாள்."

தண்டவாளத்துப் பக்கத்து நிலம்

வெட்டுவதற்கு அம்மாவுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. எங்கள் தெருவில் இருந்து கொஞ்சத் தூரம் நடந்தால், தண்டவாளச் சுவரை ஒட்டி ஒரு பொதுத் தோட்டம். அதில் குடும்பத்துக்கு ஒரு பாத்தி. எங்களுக்குக் கிடைத்தது சுவரோரக் கடைசிப் பாத்தி. கல்லும் உடைந்த ஓடும் நிறைந்த மண். ரயில் போகும்போதெல்லாம் கத்தரிச் செடிகள் நடுங்கும்.

அம்மா அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை செய்தார். ஆட்கள் வருமுன் போய், ஆட்கள் வந்ததும் திரும்பி வரும் வேலை. அங்கே ஒருத்தி எதைத் துடைக்க வேண்டும் என்று காட்டுவாள். வீட்டுக்கு வந்தால் நாலாம் மாடியில் இரண்டு அறைகள், கீழ் வீட்டுக்காரி சத்தம் போடாதே என்பாள். அந்தப் பாத்தியில் மட்டும் யாரும் அம்மாவுக்கு எதுவும் காட்டவில்லை. கோடையில் அங்கே பாவற்கொடி ஏறியது, பயித்தங்காய் தொங்கியது. அம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டு வேலை செய்வார்.

மாரிக் குளிர்காலம் வந்தால் எல்லாம் போய்விடும். முதல் பனி விழுந்த காலையில் பாவற்கொடி கறுத்துத் தொங்கும். அம்மாவுக்குத் தெரிந்த செடி எதுவும் அந்தக் குளிரில் நிற்காது.

தோட்டத்தில் ஒரு விதி உண்டு: மாரியில் பாத்தியை வெறுமையாகப் போடக்கூடாது. காத்திருப்பவர்கள் நிறையப் பேர். தோட்டத்தை நடத்தியவர் மொனிக் என்ற ஓய்வுபெற்ற தாதி. நல்ல மனுசி, ஆனால் விதி என்றால் விதி. அந்த இலையுதிர்காலத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "போன மாரியில் உன் அம்மாவின் நிலம் வெறுமையாகக் கிடந்தது. இந்த மாரியும் அப்படியென்றால் வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டி வரும்."

அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா தன் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த மண்ணை உதறவில்லை.

அதனால்தான் யூக்கா. படிப்பிடத்தில் பெரிய புதர் ஒன்றைப் பிரித்து நட்டபோது மிஞ்சிய பக்கக் கன்றுகளை ஆசிரியரிடம் கேட்டு வாங்கினேன். கல்லு மண்தான் அதற்கு விருப்பம். உறைபனி அதை ஒன்றும் செய்யாது. வருடம் முழுதும் பச்சையாக நிற்கும்.

நட்ட அன்று அம்மா இடுப்பில் கைவைத்து நின்று விசாரித்தார்.

"காய்க்குமே?"

"இஞ்சை காய்க்காது. அதின்ரை பூவுக்கெண்டு ஒரு பூச்சி இருக்கு. அது இந்த நாட்டிலை இல்லை."

"கிழங்கு?"

"சாப்பிடேலாது."

"இலை?"

"பார்த்தால் தெரியேல்லையே அம்மா, கிழிச்சுப்போடும்."

"அப்ப சாப்பிட ஒண்டுமில்லாத மரத்துக்கு எதுக்கு நிலம்?"

"நிலம் எங்களிட்டை நிக்கிறதுக்குத்தான்." எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "பூ சமைக்கலாம். அது பிறந்த ஊர்ப் பக்கம் பூவைச் சமைச்சுச் சாப்பிடுவினம். போதுமே?"

அம்மா "ம்" என்றார். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

யார் கொன்றது?

மார்கழியில் எனக்குப் பரீட்சைகள். தோட்டப் பக்கம் போகவில்லை. தையில் ஒரு ஞாயிறு போனேன். பாத்தியில் மூன்று பிளாஸ்டிக் கோபுரங்கள் நின்றன. சேலைக் கடைப் பைகளைக் கவிழ்த்து, கழுத்தில் கயிறு கட்டி, யூக்காக்களுக்கு அம்மா சட்டை போட்டிருந்தார். ஒரு பையில் "மங்களம் உண்டாகட்டும்" என்று சிவப்பில் எழுதியிருந்தது.

அவிழ்த்தேன். மீன் வாடை அடித்தது.

நடுவில் நின்ற கன்றின் குருத்தைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. பழுப்பாய், குழைந்து, அவித்த வாழைத்தண்டு போல. பக்கத்துப் பாத்தியில் கிளறிக்கொண்டிருந்த ழெரார் எட்டிப் பார்த்தார். தக்காளிக்காரர், ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். "குளிர் கொன்றுவிட்டது, பார்த்தாயா?" என்றார்.

வீட்டில் அம்மாவும் அதையேதான் சொன்னார். "நான் சொன்னனான், குளிர் தாங்காதெண்டு. மூடிக் கட்டியும் போயிட்டுது பார்."

"அம்மா, மீன் மணக்குது. என்ன ஊத்தினனிங்கள்?"

"மீன் கழுவின தண்ணி. அரிசி கழுவின தண்ணி. வேறென்ன ஊத்துறது? கறிவேப்பிலைக்கும் அதுதானே ஊத்துறன்."

"எத்தினை நாளைக்கு ஒருக்கா?"

"ஒவ்வொரு நாளும். நீ வராட்டி நான் பாக்காமல் விடுவனே?"

எங்கள் வீடுகளில் சமையலறைத் தண்ணீரை யாரும் சாக்கடையில் ஊற்றுவதில்லை. ஊரில் அது வாழைக்குப் போகும். இங்கே வாளியில் சேர்ந்து நாலு மாடி இறங்கித் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. வேலையால் வந்த களைப்போடு, கைகள் விறைக்கும் குளிரில், அம்மா அந்த வாளியைச் சுமந்து போய் யூக்காவுக்கு ஊட்டியிருக்கிறார். மேலே பிளாஸ்டிக். கீழே ஈரம். எந்தப் பாலைவனச் செடி தாங்கும்?

"குளிர் கொல்லேல்லை அம்மா. தண்ணிதான் சாகடிச்சது. இனி ஒரு சொட்டும் ஊத்தக்கூடாது. மழை போதும். பையையும் கழட்டுங்கோ."

"தண்ணி குடுக்காமல் எப்படியடி ஒண்டை வளக்கிறது?"

"இதை அப்படித்தான் வளக்கிறது. தண்ணி இல்லை. ஒருநாளும் இல்லை." விரலை உயர்த்திச் சொன்னேன். வகுப்பில் எங்கள் ஆசிரியர் அப்படித்தான் உயர்த்துவார்.

அம்மா என் விரலைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "அப்ப நான் அங்கை போய் என்ன செய்யிறது?"

நான் விரலை இறக்கினேன். "கல்லுப் பொறுக்குவம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு இருவரும் போனோம். சுவரோரம் கிடந்த சரளைக்கல்லை அம்மா வாளி வாளியாகப் பொறுக்கினார். மீன் தண்ணீர் சுமந்த அதே வாளி. நான் மண்ணைக் கிளறிக் கல்லைக் கலந்து ஒரு மேடு கட்டினேன். உயிரோடு இருந்த இரண்டையும் மேட்டின் மேல் நட்டேன். செத்ததைத் தோண்டியபோது வேர் தடிப்பாக, வெள்ளையாக இருந்தது. அதையும் ஓரத்தில் புதைத்தேன்.

"செத்ததை ஏன் நடுறாய்?"

"மேலைதான் செத்தது. கீழை உயிர் இருக்கு. பாருங்கோ."

சித்திரையில் அங்கிருந்து இரண்டு பச்சை முனைகள் எட்டிப் பார்த்தன. அம்மா அன்றுதான் என் படிப்பை நம்பத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். அண்ணையின் கடையில் போய், "இவள் செத்ததை எழுப்பிப்போட்டாள்" என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அண்ணை தன் கறிவேப்பிலையை ஒவ்வொரு மாதமும் என்னிடம் காட்டத் தொடங்கினார்.

ழெராரின் காற்சட்டை

அதற்குப் பின் வந்த ஒரு மாரியில் பாரிசில் உண்மையிலேயே ஸ்நோ கொட்டியது. தோட்டம் முழுக்க வெள்ளை. எங்கள் மேட்டில் மட்டும் பச்சை வாள்கள் வெள்ளையைக் குத்திக்கொண்டு நின்றன. அம்மா கைத்தொலைபேசியில் படம் எடுத்துச் சார்செலுக்கு அனுப்பினார். மொனிக் வேலியோரம் நின்று, "இந்த மாரியில் தோட்டத்தில் உயிரோடு இருப்பது உங்கள் பாத்திதான்" என்றார். நிலம் எங்களிடமே நின்றது.

ஆனால் கன்றுகள் புதரானதும் புதுச் சிக்கல் வந்தது. ஒரு கோடையில் ழெரார் தன் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்ற, எங்கள் புதருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். எழும்போது காற்சட்டை கிழிந்திருந்தது.

அடுத்த வசந்தத்தில் தோட்டத்திலேயே நடந்த கூட்டத்தில் அவர் எழுந்தார். "இது ஆயுதம். இங்கே குழந்தைகள் வருகிறார்கள். அதோடு, இது உணவு வளர்க்கும் தோட்டம். சாப்பிட முடியாத ஒன்றுக்கு ஏன் ஒரு பாத்தி?" பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து, நுனி முட்களை எல்லாம் வெட்டிவிடுகிறேன் என்றேன். அங்கேயே கத்தரிக்கோலை எடுத்து வெட்டியும் காட்டினேன். "இந்தக் கோடையில் இது பூக்கும். பூவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்."

"பூக்கும் என்று யார் சொன்னது?" என்றார் ழெரார்.

"நான் சொல்கிறேன்."

மொனிக் ஒரு முடிவுக்கு வந்தார். யூன் மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் சமைத்துக் கொண்டுவந்து தோட்டத்தில் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு கை உயர்த்திப் பார்ப்போம். யூக்கா வேண்டாம் என்று முடிவானால் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் அடுத்த மாரி எங்கள் பாத்தி மறுபடி வெறுமை. வெறுமை என்றால் அம்மாவுக்கு நிலம் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டார். "பூக்குமே?"

"பூக்கும் அம்மா."

பூத்தது. வைகாசியில் இரண்டு தண்டுகள் கிளம்பி, என் தலைக்கு மேலே போய், மணி மணியாக வெள்ளைப் பூக்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டன. மாலை வெளிச்சத்தில் பாலில் தோய்த்தது போல இருக்கும். ரயிலில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இனிக் கவலையில்லை என்று இருந்தேன்.

அந்த ஞாயிறு

காலையிலேயே தோட்டத்துக்குப் போனேன், மேட்டைச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று. போய் நின்றவள் நின்றபடியே நின்றேன். இரண்டு தண்டுகளும் மொட்டையாக நின்றன. ஒரு பூ இல்லை.

ழெரார் மேசைகளை விரித்துக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போனேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

"நீங்கள்தானே?"

அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். "நான் இல்லை! உன் அம்மா. விடியக் காலையில் வந்தார், வாளியோடு."

நாலு மாடியும் ஓடி ஏறினேன். கதவைத் திறந்ததும் துருவிய தேங்காய்ப்பூவும் மஞ்சளும் கடுகும் மணத்தன.

"அம்மா, பூவெல்லாம் எங்கை?"

"சட்டிக்குள்ளை."

"ஐயோ, இண்டைக்குத்தானே பாக்க வருகினம்! பூவைக் காட்டித்தானே நிலத்தைக் கேக்கலாமெண்டு இருந்தனான்."

"பூவைப் பாத்தால் வயிறு நிறையுமே? உந்த உயரமான மனுசன் என்ன சொன்னவன்? சாப்பிடேலாத மரமெண்டு தானே? நீதானே சொன்னனி, பூவைச் சமைக்கலாமெண்டு."

"எப்ப சொன்னனான்?"

"நட்ட அண்டைக்கு. நீ சொன்ன எல்லாம் நடந்தது. குளிர் தாங்குமெண்டாய், தாங்கிச்சுது. பூக்குமெண்டாய், பூத்துது. இதை மட்டும் பொய்யே சொன்னனி?"

பொய் இல்லை. ஆனாலும் பயத்தில் சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். "நடுவிலை இருக்கிறதை எடுத்தனிங்களே?"

"வாழைப்பூவிலை நரம்பு எடுக்காமல் ஆர் சமைக்கிறது? இதழ் மட்டும்தான். அவிச்சு, தண்ணியை வடிச்சுப்போட்டு, பிறகுதான் தேங்காய்ப்பூவோடை வறுத்து வறை போட்டது. இந்தா, வாயைத் திற."

லேசான கசப்பு. பிறகு தேங்காயின் இனிப்பு. முருங்கைப்பூவுக்கும் வாழைப்பூவுக்கும் இடையில் எங்கோ ஒரு ருசி. நான் உப்புக் கொஞ்சம் போதாது என்றேன். அம்மா போட்டார்.

மேசையில் கீரைப் பணியாரங்களுக்கும் உருளைக்கிழங்குச் சாலட்டுக்கும் நடுவே அம்மாவின் மஞ்சள் நிற வறை இருந்தது. மொனிக் முதலில் எடுத்தார். மற்றவர்கள் எடுத்தார்கள். ழெரார் தன் தட்டில் ஒரு குவியல் போட்டுக்கொண்டு, ஒரு வாய் உண்டு, இது என்ன என்று கேட்டார்.

மொழிபெயர்க்க நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையில் தட்டி நிறுத்தினார். எழுந்து, மேட்டில் நின்ற மொட்டைத் தண்டுகளை நோக்கிக் கையை நீட்டினார்.

"சே லுய்," என்றார். அவர்தான்.

ழெரார் தண்டுகளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு மறுபடி ஒரு கரண்டி எடுத்தார். கடைசியில் மொனிக், "யூக்காவைப் பிடுங்க வேண்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள்" என்றபோது, ழெராரின் ஒரு கையில் தட்டும் மற்றக் கையில் கரண்டியும் இருந்தன. வேறு கைகளும் எழும்பவில்லை.

கலைந்து போகும் நேரத்தில் அவர் எங்கள் மேட்டுக்கு வந்தார். தன் பாத்தி மூலைக்கு ஒரு பக்கக் கன்று கிடைக்குமா என்று கேட்டார். செத்துப் பிழைத்த வேரில் இருந்து வந்த கன்றைக் காட்டி, அதைப் பிரிக்கச் சொன்னார் அம்மா. நான் பிரித்தேன். அம்மாவே தன் கையால் கொடுத்தார்.

ழெரார் தன் பூவாளியை எடுத்து வந்திருந்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டார்.

அம்மா விரலை உயர்த்தினார். என் ஆசிரியரின் விரல், என் விரல், இப்போது அம்மாவின் விரல்.

"பா தோ," என்றார். தண்ணீர் இல்லை. அவர் நம்பாமல் பார்த்ததும் இன்னும் உரத்துச் சொன்னார். "ழமே!" ஒருநாளும் இல்லை.

ழெரார் பூவாளியைக் கீழே வைத்தார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"மீன் கழுவின தண்ணியும் கூடாதெண்டு வடிவாச் சொல்லு பிள்ளை. அதுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியாது."

அதை மட்டும் நான் மொழிபெயர்த்தேன்.